வாசல் திறக்கும் நேரம்: பெண்களின் இடுப்புக்குழித் தொற்று எங்கிருந்து வருகிறது?

ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு முடிந்து நான்கு நாளாகியும் அடிவயிற்று வலி விடவில்லை. பீரியட்ஸ் வலி மாதிரிதான், ஆனால் இரண்டு பக்கமும் மந்தமாகப் பிடித்து இழுக்கிறது. வெள்ளைப்படுதல் கூடியிருக்கிறது, லேசாக மஞ்சள் கலந்திருக்கிறது. உடம்பு கதகதவென்று இருக்கிறது, தெர்மாமீட்டர் வைத்தால் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. ஒரு வாரம் வலி மாத்திரையில் ஓட்டிவிட்டுக் கடைசியில் டாக்டரிடம் போகிறார். உள்பரிசோதனையில் டாக்டர், கையுறை போட்ட இரண்டு விரல்களால் கருப்பை வாயைப் பக்கவாட்டில் மெல்ல அசைக்கிறார். அவ்வளவுதான், படுத்திருந்தவர் இடுப்பைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறார்.

மருத்துவ மாணவர்களிடையே இதற்குச் 'சரவிளக்கு அறிகுறி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வலியில் எம்பிக் கூரையில் தொங்கும் சரவிளக்கைப் பிடித்துவிடுவாராம் நோயாளி. வலிப்பவரை வைத்து இப்படிச் சிரிக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். அறிகுறி என்னவோ அசல். கருப்பை வாயை அசைத்தால் கருப்பையும், அதன் இரு தோள்களிலிருந்து கிளம்பும் கருக்குழாய்களும், இவற்றைப் போர்த்தியிருக்கும் வயிற்றின் உள்சவ்வும் சேர்ந்தே இழுபடும். அங்கே ஏற்கெனவே சிவந்து வீங்கியிருந்தால் அந்தச் சிறு இழுப்பைக்கூடத் தாங்க முடியாது.

சீட்டில் டாக்டர் எழுதுவது மூன்றெழுத்து: பி.ஐ.டி. தமிழில் இடுப்புக்குழி அழற்சி நோய் என்கிறோம். இது ஒரே உறுப்பின் நோயல்ல. கருப்பையின் உள்சுவர், கருக்குழாய், சினைப்பை, அவற்றைச் சுற்றியுள்ள சவ்வு என்று கருப்பை வாய்க்கு மேலே இருக்கும் எந்த இடம் தொற்றால் அழன்றாலும் இந்தப் பெயர்தான். கருப்பை வாய்க்குக் கீழே, பிறப்புறுப்பில் மட்டும் வரும் தொற்று இதில் சேராது. இந்த எல்லைக்கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் கதை முழுக்க அதைத் தாண்டுவது பற்றியதுதான்.

சீட்டை வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு எப்படி வந்தது?" இதற்கு அக்கம்பக்கத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, சுத்தமாக இல்லாததால் வந்தது. இன்னொன்று, சத்தமாகச் சொல்லப்படாதது: அவளோ அவனோ எங்கோ தப்புச் செய்ததால் வந்தது. முதல் பதில் பெரும்பாலும் தலைகீழ். இரண்டாவது, சில பேரிடம் பாதி உண்மை, பல பேரிடம் வீண்பழி. எந்தக் கிருமி என்று மட்டும் கேட்டால் இந்தக் குழப்பம் தீராது. எந்த வழியாக, எந்தக் காவல் தளர்ந்த நேரத்தில் ஏறியது என்று கேட்டால்தான் விடை கிடைக்கிறது.

ஒரு திறந்த பாதை

ஆணின் வயிற்றறை எல்லாப் பக்கமும் மூடிய பை. பெண்ணுக்கு அப்படியில்லை. பிறப்புறுப்பிலிருந்து கருப்பை வாய், அங்கிருந்து கருப்பை, கருப்பையின் மேல்மூலையிலிருந்து 10 அல்லது 12 செ.மீ. நீளமுள்ள கருக்குழாய், அதன் விரல் விரித்தாற்போன்ற நுனி. அந்த நுனி எதோடும் ஒட்டியிருப்பதில்லை. இடுப்புக்குழிக்குள் திறந்தே கிடக்கிறது. 1561-இல் இந்தக் குழாயை விவரித்த இத்தாலிய உடற்கூற்றியலாளர் கப்ரியேலே ஃபலோப்பியோ, வாய் விரிந்த ஊதுகொம்பு மாதிரி இருக்கிறதென்று அதற்குப் பெயர் வைத்தார். சினைப்பை விடும் முட்டையைப் பிடிக்க அந்த வாய் திறந்திருந்தாக வேண்டும். விந்தணு ஏறவும் வழி வேண்டும். ஆக, வெளியுலகிலிருந்து வயிற்றறை வரைக்கும் நேராக ஒரு பாதை. விந்தணு ஏறும் வழியில் கிருமி ஏறக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

சட்டமில்லை, காவல் இருக்கிறது. முதல் காவல், பிறப்புறுப்பில் குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள். 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் இவற்றை விவரித்தார். பிறப்புறுப்புச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் இருக்கிறது. அதிலிருந்து இவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அந்த இடத்தின் பி.எச். அளவை 4.5-க்குக் கீழே வைத்திருக்கின்றன (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). வேண்டாத கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

இரண்டாவது காவல் கருப்பை வாயில் இருக்கும் சளி. இதுதான் உண்மையான கதவு, கதவு மாதிரியே திறந்து மூடவும் செய்யும். முட்டை வெளியாகும் நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அந்தச் சளியை நீர்த்துப்போகச் செய்து, விந்தணு நீந்தத் தோதாக்குகிறது. அப்புறம் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து கெட்டியாக்கி அடைக்கிறது. மாதவிலக்கில் அடைப்பே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கிருமிக்குத் தீனியாக ரத்தமும் அங்கே இருக்கிறது. அதில் கொஞ்சம் பின்னோக்கிக் கருக்குழாய் வழியே வயிற்றுக்குள்ளும் போகும். உடலுறவு வழியே தொற்றும் கொனோரியாவாலோ கிளமிடியாவாலோ வரும் பி.ஐ.டி.யின் வலி பலருக்கு மாதவிலக்கின்போதோ அது முடிந்த சில நாட்களிலோ ஆரம்பிப்பது தற்செயல் அல்ல. கர்ப்பத்தில் இதற்கு நேர்மாறு. சளி கெட்டியான தக்கையாக உறைந்து வாயை அடைத்துவிடுவதால் முதல் மூன்று மாதம் தாண்டிய கர்ப்பிணிக்குப் பி.ஐ.டி. வருவது அபூர்வம்.

இப்போது 'சுத்தம்' என்ற பேச்சுக்கு வருவோம். பிறப்புறுப்பு தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் இடம். நாள்தோறும் கொஞ்சம் வெள்ளைப்படுவது அந்த வேலையின் பகுதிதான், நோயல்ல. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் என்று பீய்ச்சிக் கழுவினால் முதலில் அடித்துக்கொண்டு போவது லாக்டோபேசில்லஸைத்தான். பீய்ச்சும் அழுத்தத்தில் கீழே இருந்த கிருமி மேலே தள்ளப்படவும் வாய்ப்பிருக்கிறது. இப்படி உள்ளே கழுவும் பெண்களிடம் பி.ஐ.டி. கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. தொற்று இருப்பதால் கழுவுகிறார்களா, கழுவுவதால் தொற்று வருகிறதா என்ற வாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் கழுவியதால் நன்மை கிடைத்தது என்று யாரும் காட்டவில்லை. 'பெண்களுக்கான பிரத்யேக வாஷ்' விற்பவர்கள் இதைப் பாட்டில்மேல் அச்சடிக்கப்போவதில்லை.

ஏறிப் போகிறவர்கள்

1872-இல் நியூயார்க்கில் தொழில் செய்த ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் எமில் நோகரத் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் சொன்னது அன்றைய மருத்துவ உலகத்துக்குக் கோபத்தைக் கிளப்பியது. கல்யாணத்துக்கு முன் வெட்டை நோய், அதாவது கொனோரியா, வந்து 'குணமான' ஆண்கள் பலர் உண்மையில் குணமாகவில்லை. அறிகுறி எதுவும் இல்லாமலேயே அதை மனைவிக்குக் கொடுக்கிறார்கள். குழந்தையில்லாமல் அடிவயிற்று வலியோடு தன்னிடம் வரும் பெண்களில் பலருடைய நோய்க்கு இதுதான் காரணம் என்றார். ஆண் மருத்துவர்கள் நிறைந்த சபைகள் அதை நம்ப மறுத்தன. அதுவரை கொனோரியா என்றால் ஆண்களுக்கு வந்து போகும் சின்ன உபத்திரவம்தானே! 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் நைஸர் அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டுபிடித்துக் காட்டிய பிறகே நோகரத் சொன்னதற்கு மரியாதை வந்தது. எண்ணிக்கையில் அவர் மிகைப்படுத்தியிருந்தார், சாரத்தில் தப்பில்லை.

கொனோரியாக் கிருமி கருக்குழாயில் செய்வது விசித்திரமான வேலை. குழாயின் உள்சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒரு வகையில் மயிரிழைகள் இருக்கும். நெற்பயிர் காற்றில் அலைவதுபோல் அவை ஒரே திசையில் அசைந்து முட்டையைக் கருப்பைப் பக்கம் நகர்த்தும். மற்ற வகையில் மயிரிழை கிடையாது. கிருமி ஒட்டிக்கொண்டு நுழைவது மயிரிழை இல்லாத செல்லில். ஆனால் செத்து உதிர்வதோ பக்கத்தில் இருக்கும் மயிரிழைச் செல்கள். கிருமியின் உடலிலிருந்து கழன்று விழும் நச்சுத் துணுக்குகள் அவற்றைக் கொல்கின்றன. நகர்த்தும் இழைகள் போய்விட்டால், அடைப்பே இல்லாத குழாய்கூட முட்டையை வழியில் தவறவிடும்.

கிளமிடியாவின் பாணி வேறு. 1907-இல் ஜாவாவில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இருவர் கண்நோய் ஒன்றை ஆராயும்போது செல்லுக்குள் இருந்த விநோதப் பொட்டலங்களாக இதை முதலில் பார்த்தார்கள். கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமாவும் கருக்குழாயை அடைக்கும் தொற்றும் ஒரே இனக் கிருமியின் வெவ்வேறு ரகங்கள் செய்யும் வேலை. இரண்டு இடத்திலும் அது விட்டுச்செல்வது தழும்பு. செல்லுக்கு வெளியே இதனால் பெருக முடியாது. உள்ளே நுழைந்து, இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்காகப் பெருகி, செல்லை விட்டு வெளியேறி அடுத்த செல்லுக்குப் போகும். பெரும்பாலான பெண்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. வலியில்லை, காய்ச்சலில்லை. குழாயில் விழும் தழும்பில் பெரும்பங்கு கிருமி நேரடியாகச் செய்வதல்ல, அதை விரட்ட உடம்பு நடத்தும் சண்டையின் சேதம். அதனால்தான் அடுத்தடுத்து வரும் தொற்று முதல் தொற்றைவிட மோசம். சிகிச்சை செய்யாத கிளமிடியா 100 பெண்களில் 10 முதல் 15 பேருக்குப் பி.ஐ.டி.யாக மாறுகிறது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிடுகிறது. சின்ன விகிதம்போல் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் புதிய கிளமிடியா தொற்றுகள் ஆண் பெண் சேர்த்து ஏறக்குறைய 12.9 கோடி.

இவ்விரண்டுக்கும் பிடித்த இடம் கருப்பை வாயின் உட்பக்கச் செல்கள். இளம் வயதில் அந்த மென்மையான செல்கள் கருப்பை வாயின் வெளிப்பக்கமும் பரவியிருக்கும், வயது ஏற ஏற உள்வாங்கும். 25 வயதுக்குக் கீழே பி.ஐ.டி. அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'சின்ன வயசுப் பிள்ளைகள்' என்று ஒழுக்கத்தைக் கோர்த்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் புதுசு: மைகோபிளாஸ்மா ஜெனிடாலியம். 1980-இல் லண்டனில் சிறுநீர்க்குழாய் அழற்சியோடு வந்த இரண்டு ஆண்களிடமிருந்து முதல்முறை எடுக்கப்பட்டது. இதற்குச் செல்சுவரே இல்லை. பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவரைத்தான் உடைக்கும். உடைக்கச் சுவரே இல்லாதவனிடம் அந்த மருந்துக்கு என்ன வேலை? வழக்கமான மருந்து முழுசாகச் சாப்பிட்டும் வலி விடாத சிலரிடம் இதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

சரி, இதுவரை சொன்ன மூன்றும் உடலுறவு வழியே வருபவை. இனிதான் பலருக்கும் தெரியாத பகுதி. பி.ஐ.டி. என்று கண்டறியப்படும் பெண்களைச் சோதித்தால் கொனோரியாவோ கிளமிடியாவோ கிடைப்பது பாதிப் பேருக்கும் குறைவாகத்தான். மற்றவர்களிடம் இருப்பது பிறப்புறுப்பிலும் குடலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் கிருமிகள்: கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா மாதிரி ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் செழிப்பவை, ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ். லாக்டோபேசில்லஸ் குறைந்து இந்தக் கூட்டம் பெருகும் நிலையைப் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பார்கள். மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்த வெள்ளைப்படுதல் அதன் அடையாளம். இந்தக் கூட்டத்தில் சில, சளியைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. கதவைத் தாமே அரித்துத் திறப்பவர்கள். பல நேரம் ஒன்றல்ல, ஒரு படையே ஏறுகிறது. முதலில் ஒருவன் உடைத்து வழி செய்ய, பின்னால் மற்றவர்கள் நுழைகிறார்கள். டாக்டரிடம் வரும் நேரத்தில் முதல் ஆள் காணாமல் போயிருக்கவும்கூடும்.

பி.ஐ.டி. என்று சீட்டில் எழுதியிருப்பது துரோகத்துக்கான சாட்சி அல்ல. கிளமிடியா இருக்கிறது என்று பரிசோதனை சொன்னாலும், அது எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. சத்தமில்லாமல் மாதக்கணக்கில், சில நேரம் அதற்கு மேலும், தங்கக்கூடிய கிருமி அது. இப்போதைய உறவுக்கு முந்தைய காலத்திலிருந்தே வந்திருக்கலாம், இருவரில் யாரிடமிருந்தும் தொடங்கியிருக்கலாம்.

கையால் திறக்கப்படும் கதவு

சில நேரம் கதவைத் திறப்பது மருத்துவமே. பிரசவம், கருச்சிதைவுக்குப் பின் கருப்பையைச் சுத்தம் செய்வது, கருப்பை வாயை விரித்து உட்சுவரைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரே, காப்பர் டி பொருத்துவது. எல்லாவற்றிலும் பொது அம்சம் ஒன்றுதான்: ஏதோ ஒன்று அந்தச் சளித்தடையைக் கடந்து உள்ளே போகிறது, அல்லது தடையே விலகுகிறது. பிரசவத்துக்குப் பின் கருப்பையின் உட்சுவர் பெரிய திறந்த புண் என்றுதான் சொல்ல வேண்டும். 1847 ஏப்ரலில் வியன்னா பொது மருத்துவமனையில், மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் தாய்மார்களின் இறப்பு 18 விழுக்காட்டைத் தொட்டது. பிணப் பரிசோதனை செய்த கையோடு அவர்கள் பிரசவ அறைக்கு வருகிறார்கள் என்பதைக் கவனித்த அங்கத்திய மருத்துவர் செம்மல்வைஸ், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஜூனில் அது 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. நைஸர் கொனோரியாக் கிருமியைக் கண்ட அதே 1879-இல், பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம் சங்கிலி சங்கிலியாகக் கோத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பாஸ்டர் பாரிஸில் காட்டினார். பாதுகாப்பில்லாத கருக்கலைப்பு நடக்கும் இடங்களில் இந்தப் பழைய கதை இன்றும் முடியவில்லை.

காப்பர் டி பற்றி இருக்கும் பயத்துக்கு ஒரு குறிப்பிட்ட பிறப்பிடம் உண்டு. 1971 முதல் 1974 வரை அமெரிக்காவில் டல்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனம் விற்பனையானது. அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பொருத்திக்கொண்டார்கள். சாதனத்தை வெளியே எடுக்க வசதியாக அதில் ஒரு நூல் தொங்கும். மற்ற சாதனங்களில் அது ஒற்றை இழை. இதிலோ நூற்றுக்கணக்கான நுண்ணிழைகளை ஒரு நைலான் உறைக்குள் திணித்திருந்தார்கள், உறையின் இரு முனையும் திறந்திருந்தது. விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கும்? அப்படியே அந்த நூல் பிறப்புறுப்பின் ஈரத்தையும் கிருமியையும் கருப்பைக்குள் இழுத்தது. கர்ப்பிணிகள் சிலர் தொற்றில் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தார்கள். தயாரித்த ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் 1985-இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. கெட்ட பெயர் மட்டும் எல்லாச் சாதனங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்றைய காப்பர் டியிலோ ஹார்மோன் சாதனத்திலோ தொங்குவது திரிபோல் உறிஞ்சாத நூல். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகளை வைத்து 1992-இல் வெளியான அலசல், பொருத்திய முதல் 20 நாட்களில்தான் பி.ஐ.டி. ஆபத்து கூடுகிறது, அதற்குப் பிறகு மிகக் குறைவு என்று காட்டியது. பொருத்தும்போது கருப்பை வாயில் ஏற்கெனவே இருந்த கிருமி கூடவே உள்ளே போய்விடுவதுதான் காரணம். ஆகவே கேட்க வேண்டியது 'காப்பர் டி வைக்கலாமா' என்பதைவிட, 'வைக்கும் முன் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார்களா' என்பதைத்தான். சாதனம் இருக்கும்போது பி.ஐ.டி. வந்தால் உடனே பிடுங்கி எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் தேறினால் அப்படியே விடலாம் என்றுதான் இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

மேலிருந்தும் இறங்கும்

எல்லாத் தொற்றும் கீழிருந்து ஏறுவதில்லை. வெடித்த குடல்வால் பக்கத்தில் இருக்கும் வலது கருக்குழாயையும் அழற்றிவிடும். காசநோய் இன்னும் பரவலாக உள்ள நாடுகளில் மறக்கக்கூடாத காரணம் ஒன்று உண்டு: நுரையீரலிலோ வேறெங்கோ இருந்த காசநோய்க் கிருமி ரத்தத்தின் வழியே கருக்குழாய்க்கு வந்து சேர்வது. நுரையீரல் நோய் பல வருடம் முன்பு தெரியாமலே வந்து போயிருக்கலாம். பிறப்புறுப்புக் காசநோயில் ஏறக்குறைய எல்லாருக்கும் குழாய்கள்தான் முதலில் கெடும், அங்கிருந்து கருப்பைக்குப் பரவும். துள்ளவைக்கும் வலி இதில் இருக்காது. மாதவிலக்கு வரவரக் குறையும், அல்லது தாறுமாறாகும். நாள்பட்ட மந்த வலி இருக்கும். பலருக்கு குழந்தைக்காகப் பரிசோதனை செய்யும்போதுதான் விஷயமே வெளியே வரும். வழக்கமான பி.ஐ.டி. மருந்துக்கு இது அசையாது. பல மாதம் காசநோய் மருந்து சாப்பிட வேண்டும். இதில் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, உடலுறவுக்கும் சம்பந்தமில்லை.

வலி ஒரு கணக்கு, சேதம் வேறு கணக்கு

இந்த நோயில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். வலி அதிகமென்றால் சேதம் அதிகம், வலியில்லையென்றால் ஒன்றுமில்லை என்பது இங்கே செல்லாது. கருக்குழாய் அடைப்பால் குழந்தையில்லாமல் வரும் பெண்கள் பலரிடம் 'முன்னால் பி.ஐ.டி. வந்ததா' என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார்கள். ரத்தப் பரிசோதனையில் பழைய கிளமிடியாவின் தடயம் இருக்கும்.

ஸ்வீடனின் லுண்ட் நகரில் லார்ஸ் வெஸ்ட்ரோம் குழுவினர் 1960 முதல் 1984 வரை லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்வைக் குழாயால் உள்ளே பார்ப்பது) மூலம் நோயை உறுதிசெய்து பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருமுறை பி.ஐ.டி. வந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்குக் குழாய்க் கோளாறால் கருத்தரிக்க முடியவில்லை. இரண்டு முறை வந்தவர்களில் அது 19.5, மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40. நோய்க்குப் பிறகான முதல் கர்ப்பம் குழாயிலேயே தங்கிவிடுவது 9.1 விழுக்காடு, நோய் இல்லாதவர்களில் 1.4 மட்டும். இதே தரவுகளை வைத்துப் பின்னால் செய்த இன்னொரு அலசலில், வலி தொடங்கி மூன்று நாளைக்குள் வராமல் தள்ளிப்போட்டவர்களுக்கு இந்தப் பின்விளைவுகள் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. முதலில் பார்த்தோமே, வலி மாத்திரையில் ஓட்டிய ஒரு வாரம், அதன் விலை இது.

தொற்று சில நேரம் போகும் தூரமும் ஆச்சரியம். இடுப்புக்குழியிலிருந்து வயிற்றின் வலப்பக்கமாக மேலேறிக் கல்லீரலின் உறையை அழற்றி, வயிற்றுச் சுவரோடு வயலின் தந்திகள் போன்ற இழைகளால் ஒட்டவைக்கும். வலது விலாவுக்குக் கீழே குத்தும், மூச்சிழுத்தால் கூடும். பித்தப்பைக் கல் என்று ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பப்பட்டவர்களும் உண்டு. 1930-களில் இதை எழுதிவைத்த இரண்டு மருத்துவர்கள் பெயரால் ஃபிட்ஸ்-ஹியூ கர்ட்டிஸ் நோய்க்குறி என்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் 'பி.ஐ.டி. இருக்கிறது' என்று அடித்துச் சொல்ல ஒரு தனிப் பரிசோதனை கிடையாது. 1969-இல் அதே ஸ்வீடன் குழு, பி.ஐ.டி. என்று டாக்டர்கள் கருதிய 814 பேருக்கு லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தபோது 65 விழுக்காட்டினருக்குத்தான் நோய் இருந்தது. 12 விழுக்காட்டினருக்கு வேறு நோய், மற்றவர்களுக்கு உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. குடல்வால் அழற்சி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), முறுக்கிக்கொண்ட சினைப்பைக் கட்டி, சிறுநீர்த் தொற்று, குழாய்க் கர்ப்பம் எல்லாமே இதே முகத்தோடு வரும். ஆகவே முதல் வேலை கர்ப்பப் பரிசோதனை. அது இல்லையென்று தெரிந்த பின், அடிவயிற்று வலியோடு உள்பரிசோதனையில் அந்த அசைப்பு வலியோ, கருப்பையிலோ பக்கங்களிலோ தொட்டால் வலியோ இருந்தாலே மருந்தைத் தொடங்கிவிடுங்கள் என்பது விதி. 'ரிப்போர்ட் வராமலே ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார்' என்று டாக்டரைக் குறை சொல்வார்கள் சிலர். இங்கே அவசரம்தான் சரி. தேவையில்லாமல் சாப்பிட்ட இரண்டு வார மருந்தைவிட, சாப்பிடாமல் விட்ட மருந்து செய்யும் கெடுதல் பெரிது.

மருந்து ஏன் ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது என்பதும் இப்போது புரியும். ஊசி கொனோரியாவுக்கு, ஒரு மாத்திரை கிளமிடியாவுக்கு, இன்னொன்று ஆக்ஸிஜன் இல்லாத இடத்துக் கூட்டத்துக்கு. எந்தப் படை ஏறியது என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் அடிக்கிறார்கள். 14 நாள் மாத்திரையில் பலருக்குச் சில நாட்களிலேயே வலி குறைந்துவிடும், அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று நாளாகியும் வலி குறையவில்லை, காய்ச்சல் ஏறுகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் மறுபடி காட்ட வேண்டும். குழாயும் சினைப்பையும் ஒட்டிச் சீழ்க்கட்டி ஆகியிருக்கலாம். அது உள்ளே வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

முன்கூட்டியே தடுக்க முடியுமா? சியாட்டிலில் இளம்பெண்களைத் தேடிப்பிடித்துக் கிளமிடியா பரிசோதனை செய்து மருந்து கொடுத்ததில், அடுத்த ஒரு வருடத்தில் பி.ஐ.டி. 56 விழுக்காடு குறைந்ததாக 1996-இல் ஓர் ஆய்வு வெளியானது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. கிளமிடியாவை அடைத்தாலும் மற்ற கிருமிகளுக்குக் கதவு இருக்கிறதே. ஆணுறை, பாலுறவுத் தொற்றின் வழியை அடைப்பதில் இன்னும் நம்பகமானது. புகைபிடிப்பவர்களுக்குப் பி.ஐ.டி. அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

அப்புறம் அந்த நோகரத் சொன்ன ஆள் இருக்கிறாரே, அறிகுறியே இல்லாதவர். வலி தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் உறவில் இருந்த துணை யாராக இருந்தாலும் பரிசோதனையும் மருந்தும் வேண்டும். இருவரும் முடிக்கும் வரை உறவு கூடாது. பல வீடுகளில் இந்த இரண்டாவது சீட்டு எழுதப்படுவதே இல்லை. 'எனக்கு ஒன்றுமில்லையே' என்பார் அவர், அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. சீட்டை வாங்கும்போதே டாக்டரிடம், அவருக்கும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்து கேட்டால் அது சண்டையாக முடியும், டாக்டர் சொன்னால் வெறும் மருந்து.

பி.ஐ.டி. ஒருமுறை வந்து குணமானவர் பின்னால் கருவுற்றால், நாள் தள்ளியதும் டாக்டரிடம் அந்தப் பழைய நோயைச் சொல்லி ஆரம்ப வாரங்களிலேயே ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு பக்க வலி, தோள்பட்டையில் இனம்புரியாத வலி, மயக்கம் என்று வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும்.